பகா எண்கள்

12 புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கொட்டைகள் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒன்றேனும் மிஞ்சுதல் கூடாது. வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசைகள் அமைக்கலாம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகளும் அமைக்கலாம். இனி, அவற்றோடு இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்து 13 ஆக்குங்கள். இப்பொழுது இரண்டிரண்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சுகின்றது. மும்மூன்றாக அடுக்கினாலும் ஒன்று மிஞ்சுகின்றது. ஐந்தைந்தாக அடுக்கினால் மூன்று மிஞ்சுகின்றன. எவ்வளவு முயன்றாலும், பதின்மூன்றையும் ஒரே வரிசையாக நீட்டி வைப்பதன்றி வேறு வழி இல்லை.

ஒரே ஒரு கொட்டை கூடியதனால் நேர்ந்த வேறுபாடு இது. 12 என்னும் எண் பங்கீட்டுக்கு இணங்குகின்றது. 13 இணங்க மறுக்கின்றது. இவ்வாறு, 1-ஆலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத, 1-க்கு மேற்பட்ட முழு எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 என்பன பகா எண்கள். 4, 6, 8, 9, 10, 12 என்பன பகு எண்கள்.

இப்பெயர்களில் தமிழ் மாணவர்க்குப் புதுமை ஒன்றும் இல்லை. இலக்கணப் பாடத்தில் பகுபதம், பகாப்பதம் எனச் சொற்கள் இருவகைப்படும் என்று கற்றிருக்கின்றீர்கள். 'நடந்தான்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி முதலிய உறுப்புகளாகப் பிரிக்கலாம். 'மண்', 'நீர்' என்னும் சொற்களை அங்ஙனம் பிரித்தல் இயலாது. பிரித்தால் பொருள் தரும் உறுப்பு ஒன்றும் எஞ்சாது. சொல்லுலகில் பகாப்பதம் எத்தகையதோ, எண்ணுலகில் பகா எண் அத்தகையது.

பகாப்பதமாகிய அடிச்சொற்களிலிருந்து பல சொற்கள் பிறப்பது போலவே, பகா எண்களிலிருந்து மற்றைய எண்களெல்லாம் பிறக்கின்றன. 60 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனை 6 × 10 எனப் பிரிக்கலாம். 6 என்பது 2 × 3. 10 என்பது 2 × 5. ஆகவே 60 என்பது 2 × 2 × 3 × 5 ஆகும். வேறொருவர் அதனையே 4 × 15 எனப் பிரிக்கத் தொடங்கலாம். 4 என்பது 2 × 2. 15 என்பது 3 × 5. அவரும் முடிவில் அதே 2, 2, 3, 5 என்னும் எண்களையே அடைகின்றார். தொடங்கும் வழி எதுவாயினும் சென்று சேரும் இடம் ஒன்றே. 1-க்கு மேற்பட்ட ஒவ்வொரு முழு எண்ணும் தானே பகா எண்ணாக இருக்கும். அன்றேல் பகா எண்களின் பெருக்கற்பலனாக ஒரே ஒரு வகையில் அமையும். எண் கணிதத்தின் அடிப்படை உண்மை இதுவே.

1 என்னும் எண்ணைப் பகா எண்களோடு சேர்க்காமையின் காரணமும் இதனால் விளங்கும். 1-ஐப் பகா எண் எனக் கொண்டால், 60-ஐ 1 × 2 × 2 × 3 × 5 என்றும், 1 × 1 × 2 × 2 × 3 × 5 என்றும் வேண்டியவாறெல்லாம் எழுதலாம். 'ஒரே ஒரு வகை' என்னும் சிறப்புக் கெட்டுவிடும். ஆதலின் 1 பகா எண்ணும் அன்று. பகு எண்ணும் அன்று.

பகா எண்களைக் கண்டெடுப்பது எங்ஙனம்? கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் என்பவர் இதற்கு எளிய வழி ஒன்று கண்டார். அவர் எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா நகரத்துப் புகழ்பெற்ற நூலகத்தின் தலைவராக விளங்கியவர். நண்பகலில் விழும் நிழலின் கோணத்தை அளந்து, நிலவுலகின் சுற்றளவைக் கணக்கிட்டவர். அவர் கண்ட முறையைச் சல்லடை முறை என்பர்.

1 முதல் 100 வரையுள்ள எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். முதற்கண் 1-ஐ அடித்துவிடுங்கள். பின்னர், 2-ஐ நிறுத்திக்கொண்டு, 4, 6, 8 என வரும் அதன் மடங்குகளை எல்லாம் அடித்துவிடுங்கள். அடுத்து நிற்பது 3. அதனை நிறுத்தி, 6, 9, 12 என வரும் அதன் மடங்குகளை அடித்துவிடுங்கள். 4 முன்னரே அடிபட்டுவிட்டது. ஆதலின் அடுத்து 5, அதன்பின் 7. இவற்றின் மடங்குகளையும் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. 100 வரையில் உள்ள எந்தப் பகு எண்ணும் இச்சல்லடைக்குத் தப்பாது. ஏனெனில், ஓர் எண்ணின் இரண்டு காரணிகளும் 10-ஐக் கடந்தனவாயின் அவற்றின் பெருக்கற்பலன் 100-ஐக் கடந்துவிடும். ஆகவே 100-க்கு உட்பட்ட பகு எண் ஒவ்வொன்றும் 10-க்கு மேற்படாத காரணி ஒன்றை உடையதாய், 2, 3, 5, 7 என்பவற்றுள் ஒன்றனால் வகுபட்டே தீரும். சல்லடையில் இறுதியாகத் தங்குவன 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97 என்னும் 25 எண்கள். இவற்றுள் 2 ஒன்றே இரட்டைப்படை எண் என்பதையும் நோக்குக.

சல்லடையை மேலும் விரித்துச் சலித்தால் வியப்பான செய்தி ஒன்று புலனாகும். முதல் நூற்றில் 25 பகா எண்கள் உள்ளன. இரண்டாம் நூற்றில் 21. மூன்றாம் நூற்றில் 16. 1,000 வரையில் 168 பகா எண்கள் உள்ளன. 10,00,000 வரையில் 78,498 மட்டுமே உள்ளன. அஃதாவது, மேலே செல்லச் செல்லப் பகா எண்கள் அருகிக்கொண்டே போகின்றன. 113-ஐ அடுத்துப் பதின்மூன்று எண்கள் வரையில் ஒரு பகா எண்ணேனும் இல்லை. 127-இல்தான் அடுத்த பகா எண்ணைக் காண்கின்றோம். இதனினும் பெரிய வெற்றிடங்களும் உண்டு. 2 முதல் 101 வரையுள்ள எண்களை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி ஒரு பேரெண்ணை அமைப்பதாகக் கொள்ளுங்கள். அதனோடு 2-ஐக் கூட்டினால் வரும் எண் 2-ஆல் வகுபடும். 3-ஐக் கூட்டினால் வருவது 3-ஆல் வகுபடும். இவ்வாறே 101 வரையில் கூட்டிச் செல்லலாம். ஆகவே அங்கே தொடர்ந்து 100 எண்களும் பகு எண்களே!

இந்நிலையில் அறிவுடைய எவர்க்கும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அருகிக்கொண்டே போகும் பகா எண்கள் எங்கேனும் ஓரிடத்தில் அற்றுப்போய்விடுமோ? இறுதிப் பகா எண் என ஒன்று உண்டோ? எண்ணி எண்ணிப் பார்த்து இதற்கு விடை காண இயலாது. கோடி கோடியாக எண்களைச் சோதித்தாலும், சோதிக்காத எண்கள் எல்லையின்றி எஞ்சி நிற்கும்.

எண்ணிப் பார்த்து அறிய இயலாத இவ்விடையைச் சிந்தித்தே கண்டார் ஓர் அறிஞர். எரடோஸ்தனிஸுக்கும் முற்பட்டவராய், கி. மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட் என்பவரே அவர். வடிவ கணிதத்துக்கு முதல் நூலாக மதிக்கப்படும் அவருடைய பெருநூல் பதின்மூன்று பகுதிகளை உடையது. அதன் ஒன்பதாம் பகுதியில் இவ்விடை காணப்படுகின்றது. அவருடைய கருத்தினை நமக்கு எளிதாகும் வகையில் பின்வருமாறு கூறலாம்.

பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு மட்டுமே எனச் சாதிக்கின்றார் ஒருவர் எனக் கொள்வோம். இவ்வாறு எண்களையும் பெருக்குவோம்; 30,030 வரும். அதனோடு 1-ஐக் கூட்டினால் 30,031. இதனை 2-ஆல் வகுத்தால் மீதி 1. 3-ஆல் வகுத்தாலும் மீதி 1. 5, 7, 11, 13 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1 வந்தே தீரும். ஆயினும், ஒவ்வோர் எண்ணும் பகா எண்ணாகவோ பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருத்தல் வேண்டும் என முன்னரே கண்டோம். ஆகவே 30,031-க்குக் காரணியாகும் பகா எண் ஒன்று இருத்தல் வேண்டும். அஃது அவர் கூறிய ஆறனுள் ஒன்றாக இருத்தல் இயலாது. எனவே அவருடைய பட்டியல் முழுமையுடையதன்று. அவர் ஆறு எண்களுக்கு மாற்றாக ஆறு கோடி எண்களைப் பட்டியலிட்டு வந்தாலும் இதே முறையால் அதன் குறையைக் காட்டிவிடலாம். ஆகவே பகா எண்களுக்கு முடிவே இல்லை.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இந்நிறுவல் சிறிதும் பழுதுபடவில்லை. இனியும் பழுதுபடாது. அரசுகள் தோன்றி மறைந்தன; அலெக்சாந்திரியாவின் நூலகமும் அழிந்தது; ஒரு மனிதர் அமைதியாகச் சிந்தித்துக் கண்ட உண்மை அழியவில்லை.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2 × 3 உடன் 1-ஐக் கூட்டினால் 7; 2 × 3 × 5 உடன் 1-ஐக் கூட்டினால் 31. இவ்வாறே அடுத்தடுத்துப் பெருக்கிக் கூட்டினால் 211, 2,311 என்பன வரும். இவை நான்கும் பகா எண்களே. இதனைக் கண்டவுடன், 'இம்முறையில் வருவன எல்லாம் பகா எண்களே' என முடிவு செய்துவிடத் தோன்றும். ஆனால் அடுத்து வரும் 30,031 பகா எண் அன்று. அது 59 × 509. யூக்ளிடும் அதனைப் பகா எண் என்று கூறவில்லை; அதற்குப் பட்டியலில் இல்லாத பகாக் காரணி உண்டு என்றே கூறினார். நான்கு முறை கண்டது ஐந்தாம் முறையும் நிகழும் என்பதற்கு உறுதி இல்லை.

மாணவர்களே! இப்பிழை சிறுவர்க்கு மட்டுமே நேர்வது எனக் கருத வேண்டா. பேரறிஞர்களும் இவ்விடத்தில் இடறியிருக்கின்றனர்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பெர்மா என்பவர் தொழிலால் சட்ட வல்லுநர். விருப்பத்தால் கணித மேதை. 2, 4, 16, 256, 65,536 என ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தியதன் வர்க்கமாக அமையும் வரிசையை அவர் ஆராய்ந்தார். ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கின்றன. இவை ஐந்தும் பகா எண்கள். ஆகவே இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் நம்பினார். 1640-ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில், தம்மிடம் முறையான நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைக்காமல் கூறினார். ஆறாவது எண் 4,29,49,67,297. ஏறக்குறைய நூறாண்டு இதனைச் சோதித்து முடிவு கண்டார் எவரும் இலர். 1732-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்லர் என்பவர், அது 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார். பெர்மாவின் நம்பிக்கை அன்றே வீழ்ந்தது.

அதே பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த மெர்சேன் என்னும் துறவி, 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண் பகா எண் என 1644-இல் வெளியிட்டார். அஃது 21 இலக்கங்களை உடையது. அது பகா எண் அன்று என்பதை 1876-இல் லூக்கா என்பவர் நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் யாவை என அவராலும் கூற இயலவில்லை. 1903-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடந்தது. கோல் என்னும் பேராசிரியர் எழுந்து கரும்பலகையை அணுகினார். ஒன்றும் பேசாமல், 67 இரண்டுகளின் பெருக்கற்பலனைக் கணக்கிட்டு அதில் 1-ஐக் கழித்தார். பலகையின் மற்றொரு புறத்தில் 193707721 என்னும் எண்ணையும் 761838257287 என்னும் எண்ணையும் எழுதி அவற்றைப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருந்தன. அவர் ஒரு சொல்லும் கூறாமல் இருக்கைக்குத் திரும்ப, அவையினர் எழுந்து கைதட்டினர் என்று கூறுவர். இக்காரணிகளைக் காண்பதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என ஒருவர் வினவியபோது, 'மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்' என அவர் விடையிறுத்தாராம்.

நம் நாட்டுக் கணித மேதை இராமாநுசன் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர், 1913-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஓர் எண்ணுக்கு உட்பட்ட பகா எண்கள் எத்தனை என்பதனை ஏறத்தாழப் பிழையின்றிக் கூறும் வாய்பாட்டைக் கண்டதாக அதில் குறித்திருந்தார். அக்கடிதத்தின் பல முடிவுகள் ஹார்டியை வியப்பில் ஆழ்த்தின. ஆனால் பகா எண்களைப் பற்றிய அம்முடிவு தவறாக இருந்தது. சிறிய எண்களுக்கு அவ்வாய்பாடு நன்கு பொருந்தியது. மிகப் பெரிய எண்களில் அவர் கருதியதை விடப் பிழை மிகுந்தது.

இராமாநுசன் இதனால் தளர்ந்துவிடவில்லை. 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் இருந்தே தீரும் என்பது பெர்த்திராண்டு என்பவர் 1845-இல் கூறிய கருத்து. 10-க்கும் 20-க்கும் இடையே 11, 13, 17, 19 இருத்தல் காண்க. இதனை இரஷ்ய அறிஞர் செபிஷெவ் முதன்முதலில் நிறுவினார். 1919-ஆம் ஆண்டில், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமாநுசன் அதற்கு இரண்டே பக்கங்களில் புதிய நிறுவல் ஒன்றை வெளியிட்டார். பகா எண்களைப் பற்றித் தவறாக ஊகித்த அறிஞரே, ஆறாண்டுகளில் அவற்றைப் பற்றி மறுக்க முடியாத உண்மையொன்றைச் சுருங்கிய வழியில் நிறுவிக் காட்டினார். அவருடைய பெருமைக்கு இஃது ஒரு சான்று.

இன்னும் விடை காணாத வினாக்களும் உள்ளன. 2-க்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்னும் கருத்து, கோல்டுபாக்கு என்பவர் 1742-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. 28 என்பது 5 + 23. 100 என்பது 47 + 53. ஏட்டில் எழுதிப் பார்க்கும் எந்த மாணவரும் இதன் உண்மையைக் காண்பர். கணிப்பொறிகளின் துணையால் 4-ஐ அடுத்துப் பதினெட்டுச் சுழியங்களை உடைய எண் வரையில் சோதித்தாயிற்று. ஓரிடத்திலும் பிழை காணவில்லை. எனினும் இது நிறுவப்பட்ட உண்மை எனக் கணித வல்லுநர் ஒருவரும் கூறுவதில்லை. பெர்மாவின் கதையை அவர்கள் மறக்கவில்லை.

இத்தனை ஆராய்ச்சியும் அறிவின் இன்பத்துக்காக மட்டுமே நெடுங்காலம் நடைபெற்றது. இக்காலத்திலோ, உலக வாணிகத்தின் பூட்டுகள் பகா எண்களால் ஆனவை. 89-ஐயும் 97-ஐயும் பெருக்கச் சொன்னால் சிறிது நேரத்தில் 8,633 எனக் கூறிவிடுவீர்கள். ஆனால், '8,633 எவ்விரு எண்களின் பெருக்கற்பலன்?' என வினவினால் நெடுநேரம் தடுமாற நேரும். பெருக்குதல் எளிது, பெருக்கியதைப் பிரித்தல் அரிது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் இவ்வருமையையே பூட்டாக்கினர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை எல்லோரும் அறிய வெளியிடலாம். அதனைக் கொண்டு எவரும் தம் செய்தியை மறைபொருளாக்கி அனுப்பலாம். ஆனால் அதனைத் திறந்து படிக்க வல்லவர், அவ்விரு பகா எண்களையும் அறிந்தவர் ஒருவரே.

அவ்வாண்டில் அவர்கள் 129 இலக்க எண் ஒன்றை அமைத்து, அதனைப் பிரித்துக் காட்டுமாறு உலகினரை அறைகூவினர். பதினேழு ஆண்டுகள் அது பிரிபடாமல் நின்றது. 1994-இல் ஏறக்குறைய 600 பேர் தத்தம் கணிப்பொறிகளை ஒருங்கே ஈடுபடுத்தி அதன் காரணிகளைக் கண்டனர். அதனால், இப்பொழுது 617 இலக்க எண்கள் இப்பணிக்கு வழங்குகின்றன.

ஆயினும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பேரெண்களைப் பிரிப்பதற்கு எளிய வழி இல்லை என்பதை இதுகாறும் எவரும் நிறுவவில்லை. பலர் முயன்றனர், ஒருவரும் கண்டிலர், அவ்வளவே. புதுவகைக் குவாண்டம் கணிப்பொறிகள் போதிய ஆற்றலோடு அமையுமாயின் இப்பூட்டுகளைத் திறந்துவிடலாம் என்பதை, அதே 1994-இல் பீட்டர் ஷோர் என்னும் அறிஞர் கோட்பாட்டளவில் காட்டினார். அதனால் அறிஞர்கள் வேறு வகைப் பூட்டுகளையும் அமைத்து வருகின்றனர். கோடிக்கணக்கான மக்களின் பொருளையும் செய்தியையும் காக்கும் கதவு, நிறுவப்படாத நம்பிக்கை ஒன்றின்மீது நிற்கின்றது. நிறுவல் என்பது ஏட்டுச் சடங்கு அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 4,10,24,320 இலக்கங்களை உடைய பகா எண் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதுவரையில் கண்டவற்றுள் அதுவே மிகப் பெரியது. அதனை முழுதும் எழுதினால் பல்லாயிரம் பக்கங்களை உடைய நூலாகும். ஆனால் அதற்கு அப்பாலும் பகா எண்கள் உண்டு என்பதை அறிந்துகொள்ள நமக்கு எந்தக் கணிப்பொறியும் வேண்டா. யூக்ளிடின் நிறுவலை விளங்கிக்கொண்ட மாணவர் ஒருவர், தம் இருக்கையில் இருந்தபடியே அதனை உறுதியாகக் கூறலாம்.

பலமுறை கண்டதனால் மட்டும் ஒன்றை உண்மை எனத் துணிந்துவிடாமல், 'இது ஏன் இவ்வாறு இருக்கின்றது?' என வினவி, விடை கிடைக்கும் வரையில் 'இஃது இன்னும் எனக்குத் தெரியாது' என ஒப்புக்கொள்ளும் நேர்மையே அறிவு வளர்ச்சிக்கு அடித்தளம். அந்நேர்மையைப் பயில்வதற்குச் செல்வமும் கருவிகளும் வேண்டா. 13 புளியங்கொட்டைகளும் பொறுமையும் போதும்.